ஒரு நிமிஷம் கேளுங்கள்

"அந்த ஆள் பேசறது ஒண்ணுமே புரியலைப்பா!"

மாதத்தில் ஒரு முறையாவது இந்த வாக்கியத்தைச் சொல்லாத நகரவாசி உண்டா? கஸ்டமர் கேரில் பேசிய பெண்ணைப் பற்றிச் சொல்லியிருப்போம். நாகர்கோவிலிலிருந்து மாற்றலாகி வந்த பிராஞ்ச் மேனேஜரைப் பற்றிச் சொல்லியிருப்போம். ஓட்டலில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிற பீகார் பையனைப் பற்றிச் சொல்லியிருப்போம். சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்போம்.

அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். புரியாமல் போனது நம் காதுக்கு. ஆனால், குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டிருப்பதோ அவருடைய வாய்!

நான் பி.காம். படித்தவன். அக்கவுன்டன்ஸியில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள், எந்தப் பரிவர்த்தனைக்கும் இரண்டு பக்கம் உண்டு என்று. இங்கே ஒரு டெபிட் என்றால் எதிரே ஒரு கிரெடிட். பேச்சும் அப்படி இரண்டு பேர் சம்பந்தப்பட்ட கொடுக்கல் வாங்கல்தான். ஆனால், நஷ்டம் வரும்போது மட்டும் முழுத் தொகையையும் பேசியவர் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். இது நியாயமா?

பதில் சொல்வதற்கு முன்னால், காதுக்கும் மூளைக்கும் நடுவே என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

ஒரு கொரியன் சீரியலை, சப்-டைட்டிலைக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் கேளுங்கள். ஒரு வார்த்தை எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடிகிறதா? முடியாது. எல்லாம் ஒரே நூலாக ஓடும். 'இவங்க ரொம்ப வேகமாப் பேசறாங்க' என்று தோன்றும். கொரியாக்காரர் நம் பட்டிமன்றத்தைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

உண்மை என்னவென்றால், எழுத்தில் வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விடுகிறோமே தவிர, வாய் விடுவதில்லை. 'சாப்டியாடா கண்ணா' என்பது ஒரே மூச்சில் வருகிற ஒரு ஒலி. அதை மூன்றாக வெட்டுவது கேட்கிறவரின் மூளை. அப்படியானால், ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் பிறக்கிற குழந்தை எங்கே வெட்டுவது என்று எப்படிக் கற்றுக்கொள்கிறது?

1996-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜென்னி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிஸா நியூபோர்ட் என்ற மூன்று பேர் இதைச் சோதித்தார்கள். எட்டு மாதக் குழந்தைகள். 'பிடாகு', 'படோட்டி', 'கோலாபு' என்கிற மாதிரி அர்த்தமே இல்லாத மூன்றசைச் சொற்கள் நான்கு. அவற்றை மாற்றி மாற்றிக் கோத்து, இடைவெளி இல்லாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல், கம்ப்யூட்டர் குரலில் இரண்டே நிமிஷம் போட்டுக் காட்டினார்கள். பிறகு, அந்தச் சொற்களையும், அதே அசைகளைக் கலைத்துப்போட்ட கோவைகளையும் தனித்தனியே கேட்கவைத்தார்கள். பழகிய சொற்களைவிடப் புதிய கோவைகளைக் குழந்தைகள் அதிக நேரம் கவனித்தன. 'இது நான் கேட்காததாச்சே' என்கிற கவனம்!

எப்படிச் சாத்தியம்? நம் வீட்டு உதாரணம் ஒன்றைப் பாருங்கள். 'தண்' என்ற ஒலிக்குப் பின்னால் 'ணி' வருவது அடிக்கடி நடக்கிறது. ஆனால், 'தண்ணி' முடிந்த பிறகு என்ன வேண்டுமானாலும் வரலாம். 'வேணுமா', 'குடி', 'கொட்டாதே', 'வரலை'. எதன் பின்னால் எது எத்தனை முறை வந்தது என்று மூளை கணக்கு வைத்துக்கொண்டே வருகிறது. கணிப்பு உறுதியாக இருக்கிற இடம் வார்த்தையின் நடுப்பகுதி. கணிப்பு தடுமாறுகிற இடம் வார்த்தையின் எல்லை. வெட்டு!

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரில் மூன்று முறை அரியர் வைத்த நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களும் எட்டு மாதத்தில் இந்தக் கணக்கைத் தப்பில்லாமல் போட்டவர்கள்தான்.

இது கணக்கின் வரவுப் பக்கம். செலவுப் பக்கம் ஒன்றும் இருக்கிறது.

'பட்டு', 'பத்து' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். ஒன்று காஞ்சிபுரத்தில் கிடைப்பது, இன்னொன்று ஒன்பதுக்கு அடுத்தது. நமக்குக் குழப்பமே கிடையாது. ஆனால், ஆங்கிலத்தை மட்டுமே கேட்டு வளர்ந்தவருக்கு இந்த 'ட', 'த' இரண்டும் பெரும்பாலும் ஒரே ஒலியாகத்தான் கேட்கும். அவருடைய மொழியில் இந்த வித்தியாசத்துக்கு வேலை இல்லை.

கனடாவின் வான்கூவரில் ஜேனட் வெர்க்கர் என்ற உளவியல் அறிஞர் இதைக் குழந்தைகளிடம் சோதித்தார். ஹிந்தியின் 'ட'வும் 'த'வும் ஸ்பீக்கரில் வரும். ஒலி மாறியதும் குழந்தை தலையைத் திருப்பினால், பக்கத்துப் பெட்டியில் விளக்கெரிந்து பொம்மை ஆடும். 1984-ல் ரிச்சர்ட் டீஸுடன் சேர்ந்து வெளியிட்ட முடிவு இது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறிலிருந்து எட்டு மாதத்தில் 'ட', 'த' வித்தியாசத்தைக் கண்டுபிடித்துத் தலையைத் திருப்பின. பத்திலிருந்து பன்னிரண்டு மாதத்தில், கிட்டத்தட்ட எந்தக் குழந்தையும் திரும்பவில்லை. ஹிந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகள் மட்டும் அந்த வயதிலும் திரும்பின. கனடாவின் பூர்வகுடி மொழி ஒன்றின் ஒலிகளை வைத்துச் செய்த சோதனையிலும் இதே கதை.

அதாவது, முதல் பிறந்த நாள் கேக் வெட்டுவதற்குள் காது சில கதவுகளைச் சாத்திவிடுகிறது. தன் வீட்டில் புழங்குகிற ஒலிகளில் கூர்மையாகிறது. புழங்காதவற்றை 'இதெல்லாம் ஒண்ணுதான்' என்று ஒரே தலைப்பில் சேர்த்துவிடுகிறது. சில்லறைச் செலவுகளை 'இதர செலவுகள்' என்று ஒரே வரியில் எழுதுகிற கணக்குப்பிள்ளை மாதிரி.

ஜப்பானியர்கள் ஆங்கிலத்தின் 'ர'வையும் 'ல'வையும் குழப்பிக்கொள்வதைப் பார்த்துச் சிரிக்கிறோம். நம் கதை என்ன? 'பாம்பு' என்று எழுதுகிறோம். முதலில் இருக்கும் 'பா' வேறு ஒலி, கடைசியில் இருக்கும் 'பு' வேறு ஒலி. ஒரே எழுத்தைத்தான் இரண்டுக்கும் வைத்திருக்கிறோம். ஹிந்திக்காரர் 'ப'வில் மட்டும் நான்கு வைத்திருக்கிறார். அவருடைய நாலாவது 'ப'வை நாம் சொல்லும்போது அவர் சிரிக்கிறார். அவர் 'வாழைப்பழம்' சொல்லும்போது நாம் சிரிக்கிறோம். அவர் ஏன்? 'ள'வும் 'ழ'வும் ஒன்றாகவே ஒலிக்கிற வீட்டில் வளர்ந்த நம் பிள்ளையையே வகுப்பில் எழுப்பி நிற்கவைத்து, 'வாழைப்பழம்' சொல்லச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் நாம்.

ஆக, ஒலிகளைப் பிரித்து அறிவதில் யாருக்கும் தனிப் பெருமையும் இல்லை, தனிச் சிறுமையும் இல்லை. எந்தத் தொட்டிலில் கிடந்தோம் என்பதுதான் கணக்கு. ஒரு வயதுக்குள் நடந்து முடிந்த காரியத்துக்கு யாரைக் குற்றம் சொல்வது? இதுவரைக்கும் தர்மம், நியாயம் என்று பேச இடமில்லை.

அந்தப் பிரச்னை அடுத்த கட்டத்தில்தான் தொடங்குகிறது.

காது என்பது டேப் ரிக்கார்டர் கிடையாது. வந்ததை அப்படியே பதிவு செய்யாது. இந்த இடத்தில் இதுதான் வரும் என்று மூளை முன்கூட்டியே ஊகித்து வைத்திருக்கிறது. வந்தது குறைந்தால், தானே நிரப்பிக்கொள்கிறது. 1970-ல் ரிச்சர்ட் வாரன் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதை அழகாகக் காட்டினார். பதிவு செய்த ஒரு வாக்கியத்தில், ஒரு வார்த்தையின் நடுவிலிருந்து ஓர் ஒலியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை வைத்தார். இருபது பேரிடம் போட்டுக் காட்டி, ஏதாவது ஒலி விடுபட்டிருக்கிறதா என்று கேட்டார். பத்தொன்பது பேர், 'இல்லையே, எல்லாம் சரியா இருக்கே' என்றார்கள். மிச்சமிருந்த ஒருவரும் வேறு ஏதோ ஓர் ஒலியைத்தான் காட்டினார். இல்லாத ஒலி அத்தனை பேருக்கும் 'கேட்டது'!

நல்ல ஏற்பாடுதான். இது இல்லாவிட்டால், தி.நகர் ரங்கநாதன் தெருவில் நின்று செல்போனில் ஒரு வார்த்தை பேச முடியாது. ஆனால், நிரப்பிக்கொள்கிற மூளை, ஒலியை மட்டும் வைத்து நிரப்புவதில்லை. ஆளையும் பார்க்கிறது.

அடுத்த சோதனை அதைப் பற்றியது. இதைப் படித்தபோது எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ரூபின் என்பவர் செய்து, 1992-ல் வெளியிட்டது. மாணவர்களுக்கு நான்கு நிமிஷ லெக்சர் ஒன்றை ஒலிநாடாவில் போட்டார். பேசியவர் ஓஹையோ மாநிலத்தில் பிறந்து வளர்ந்த, சுத்தமான அமெரிக்க ஆங்கிலம் பேசுகிற ஒருவர். கேட்கும்போது திரையில் 'லெக்சரரின் படம்' என்று ஒரு போட்டோ. பாதிப் பேருக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். மீதிப் பேருக்கு சீன முகம் கொண்ட பெண்ணின் படம். குரல் ஒன்றே. நாடா ஒன்றே. ஆனால், சீன முகத்தைப் பார்த்தவர்களுக்கு வெளிநாட்டு உச்சரிப்பு 'கேட்டது'. அது மட்டுமில்லை. பிறகு வைத்த டெஸ்ட்டில் அவர்கள் மார்க்கும் குறைந்தது!

யோசித்துப் பாருங்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே புரியவில்லை. 'அந்தம்மா பேசறது புரியலை' என்று அவர்கள் சத்தியம் பண்ணியிருந்தால், அது உண்மையான சத்தியம்தான். ஆனால், புரியாமைக்குக் காரணம் அந்தக் குரலில் துளிகூட இல்லை. கண் சொன்னதைக் காது நம்பிவிட்டது.

'எனக்குப் புரியலை' என்பது ஓர் அனுபவம். 'அவர் சரியாகப் பேசவில்லை' என்பது ஒரு தீர்ப்பு. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு நாம் எவ்வளவு சுலபமாகத் தாவிவிடுகிறோம்!

தாவல் அங்கேயும் நிற்பதில்லை. 2010-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஷிரி லெவ்-ஆரி, போவாஸ் கெய்ஸார் இருவரும் இன்னொரு படி மேலே போனார்கள். 'ஒட்டகத்தைவிட ஒட்டகச்சிவிங்கி அதிக நாள் தண்ணீரில்லாமல் இருக்கும்' என்கிற மாதிரி, சட்டென்று சரியா தப்பா என்று சொல்ல முடியாத தகவல்கள். சிலவற்றை அமெரிக்கர்கள் வாசித்தார்கள், சிலவற்றை வெளிநாட்டு உச்சரிப்பு உள்ளவர்கள் வாசித்தார்கள். இவை வாசிப்பவரின் சொந்தத் தகவல் இல்லை, நாங்கள் எழுதிக் கொடுத்ததைத்தான் வாசிக்கிறார்கள் என்று முதலிலேயே சொல்லியும் விட்டார்கள். அப்படியும், வெளிநாட்டு உச்சரிப்பில் வந்த தகவல் குறைவாகத்தான் நம்பப்பட்டது. சோதனை எதைப் பற்றியது என்று சொல்லி எச்சரித்தபோது, லேசான உச்சரிப்பு வித்தியாசத்தை மட்டும் கேட்டவர்களால் சரிசெய்துகொள்ள முடிந்தது. கனமான உச்சரிப்பின் மேல் இருந்த அவநம்பிக்கை அப்போதும் போகவில்லை.

ஏன் இப்படி? புரிந்துகொள்ள மூளை கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருக்கிறது. அந்தச் சிரமத்தை அது, 'இதில் ஏதோ சரியில்லை' என்று தவறான தலைப்பில் பதிவு செய்துவிடுகிறது. சிரமம் என் பக்கத்துச் செலவு. ஆனால், அதை எதிராளியின் நாணயத்தில் கழித்துக்கொள்கிறேன்.

மிராண்டா ஃப்ரிக்கர் என்ற பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் 'எபிஸ்டெமிக் இன்ஜஸ்டிஸ்' என்று 2007-ல் ஒரு புத்தகம் எழுதினார். கேட்கிறவரின் முன்முடிவினால் ஒருவர் பேச்சுக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு குறைந்துபோனால், அது வெறும் மனத்தாங்கல் இல்லை, அநீதி என்பது அவர் வாதம். பணம் பிடுங்கப்பட்டால் அநீதி என்கிறோம். 'விஷயம் தெரிந்தவர்' என்ற அந்தஸ்து பிடுங்கப்பட்டாலும் அநீதிதான் என்கிறார்.

எங்கெல்லாம் இது நடக்கும் என்று பாருங்கள். போலீஸ் ஸ்டேஷனில் புகார் சொல்ல வருகிற ஒடிசாத் தொழிலாளி. பெரிய ஆஸ்பத்திரியில், 'வயித்துல ஏதோ பெரட்டுது' என்று வலியை விவரிக்கிற கிராமத்துப் பெரியம்மா. கேம்பஸ் இன்டர்வியூவில் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று சொல்லிவிட்டு, தானே கூனிக் குறுகுகிற பையன். இவர்களில் யாருக்கும் விஷயம் தெரியாமல் இல்லை. கேட்கிறவரின் மூளைக்குக் கூடுதலாகக் கொஞ்சம் வேலை இருக்கிறது. அவ்வளவுதான்.

நம் சினிமாவையும் சேர்த்துக்கொள்ளலாம். எந்த ஊரும் சாராத ஒரு தமிழை ஹீரோவுக்குக் கொடுத்துவிட்டு, கோவைத் தமிழையும் நெல்லைத் தமிழையும் மெட்ராஸ் பாஷையையும் அக்ரகாரத் தமிழையும் காமெடி டிராக்குக்கு அனுப்பிய படங்கள் எத்தனை! திரும்பத் திரும்பக் கேட்பதை வைத்துக் கணக்குப் போடுகிற மூளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இந்த ஒலி வந்தால் சிரிக்க வேண்டும் என்று அதுவும் எழுதி வைத்துக்கொள்கிறது.

சிரிப்போடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. விவிலியத்தில், நியாயாதிபதிகள் ஆகமத்தின் 12-வது அதிகாரத்தில் ஒரு சம்பவம். யோர்தான் ஆற்றுத் துறையைப் பிடித்துக்கொண்ட கிலேயாத் வீரர்கள், கடக்க வந்த ஒவ்வொருவரையும் 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொன்னார்கள். எதிர்த் தரப்பினரான எப்பிராயீமியருக்கு 'ஷ' வராது. 'ஸிபோலேத்' என்று சொன்னவர்கள் அங்கேயே வெட்டப்பட்டார்கள். அந்தச் சண்டையில் மாண்ட எப்பிராயீமியர் 42,000 பேர் என்கிறது அந்த நூல்.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தில், பஸ்களை நிறுத்தி ஏறிய கும்பல்கள், வாளியைக் குறிக்கிற 'பால்திய' என்ற சிங்களச் சொல்லைப் பயணிகளைச் சொல்லச் சொன்னது பதிவாகியிருக்கிறது. அந்தச் சொல்லை இங்கே தமிழில் எழுதும்போதே சிக்கல் தெரிகிறது. அதன் முதல் எழுத்து 'பாம்பு'வின் முதல் 'பா' இல்லை. கடைசி 'பு'வில் இருக்கிற ஒலி. அந்த ஒலியில் சொல்லைத் தொடங்குவது தமிழ் நாக்குக்குப் பழக்கம் இல்லாதது. தொட்டிலில் கேட்ட ஒலிகளின் கணக்கு, ஒரு மனிதனின் உயிரை எடுப்பதற்கான அத்தாட்சியாகிவிட்டது.

ஓட்டலில் பீகார் பையனை அதட்டுகிறவரையும் அந்தக் கும்பலையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று கோபிக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால், அடியில் இருக்கிற பழக்கம் ஒன்றுதான். ஒரு மனிதன் என்ன சொல்கிறான் என்று கேட்பதற்குப் பதிலாக, எப்படிச் சொல்கிறான் என்பதை வைத்து அவன் யார் என்று முடிவு கட்டுகிற பழக்கம்.

"அப்ப, பேசறவனுக்குப் பொறுப்பே கிடையாதா சார்? எல்லாத்தையும் கேக்கறவன்தான் சுமக்கணுமா?"

நியாயமான கேள்வி. பொறுப்பு உண்டு. நிச்சயமாக உண்டு. சில இடங்களில் உயிர் அதில் தொங்குகிறது.

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவின் விமான நிலையம். கடும் மூடுபனி. ஒரே ஓடுபாதையில் கே.எல்.எம்., பான் ஆம் என்ற இரண்டு கம்பெனிகளின் ஜம்போ ஜெட்கள். டச்சுக்காரரான கே.எல்.எம். துணை விமானி ரேடியோவில் சொன்ன ஒரு வாக்கியத்தை, விமானம் டேக்-ஆஃபுக்குத் தயாராக நிற்கிறது என்று ஸ்பானிஷ்காரரான கட்டுப்பாட்டு அதிகாரி எடுத்துக்கொண்டார். ஆனால், விமானம் ஓடவே தொடங்கியிருந்தது. அதிகாரி 'ஓகே' சொல்லி, காத்திருக்கச் சொன்னார். அதே நொடியில் பான் ஆம் விமானியும் பேச, இரண்டு சிக்னலும் மோதி, 'ஓகே'வுக்குப் பிறகு வந்தது விசில் சத்தத்தில் மூழ்கிப்போனது. 583 பேர் இறந்தார்கள். விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால், எதிர்பார்த்ததை மட்டுமே கேட்ட காதுகளுக்கும் அதில் பங்கு உண்டு.

அதற்குப் பிறகு விமானத் துறை ரேடியோவில் பேசும் பாஷையை இன்னும் கறாராக்கியது. 'டேக்-ஆஃப்' என்ற வார்த்தையை, நிஜமாகவே கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே உச்சரிக்கலாம். வெறும் 'ஓகே' போதாது. கேட்டவர், தான் கேட்டதைத் திரும்பச் சொல்ல வேண்டும். சொன்னவர் அதைக் கவனித்து, தப்பு என்றால் திருத்த வேண்டும். 2008 மார்ச் முதல் சர்வதேச விமானிகளுக்கு ஆங்கிலத் தகுதியும் கட்டாயமானது. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. வகுத்த அந்தத் தகுதி, தாய்மொழியின் வாசனை உச்சரிப்பில் இருக்கக்கூடாது என்று சொல்லவில்லை. புரிந்துகொள்வதற்குப் பெரிய இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்றுதான் சொல்கிறது.

கவனித்தீர்களா? உயிர் போகிற இடத்தில் பொறுப்பை இரண்டு பக்கமும் எழுதினார்கள். பேசுகிறவர் தெளிவாகப் பேச வேண்டும். கேட்கிறவர், தான் கேட்டது சரிதானா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆகிறது.

நம் அன்றாட வாழ்க்கையில்தான் ஆகவில்லை. பேசுகிறவர் மட்டுமே மாற வேண்டும் என்பது இங்கே எழுதப்படாத சட்டம். 2000-களில் சென்னையிலும் பெங்களூரிலும் கால் சென்டர்கள் முளைத்தபோது, பிள்ளைகள் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து 'நியூட்ரல் ஆக்சென்ட்' கற்றுக்கொண்டார்கள். பெயரைக்கூட மாற்றிக்கொண்டு பேசினார்கள். இப்போது அதுவும் வேண்டாம். நம் ஊர் ஏஜென்ட் பேசப் பேச, மறுமுனைக்குப் போவதற்குள் உச்சரிப்பைச் சலவை செய்து அனுப்புகிற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வந்துவிட்டது. திட்டு வாங்குவது குறைகிறது என்றால் ஏஜென்ட்டுக்கு நிம்மதிதான். ஆனால், மறுமுனையில் இருக்கிற காதுக்கு இனிமேல் எதையுமே கற்றுக்கொள்கிற அவசியம் இல்லை.

அந்தக் காதுக்குக் கற்றுக்கொள்வது அப்படியொன்றும் கஷ்டமான காரியம் இல்லை. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

2004-ல் கான்ஸ்டன்ஸ் கிளார்க், மெரில் காரெட் என்ற இரண்டு பேர் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு, ஸ்பானிஷ்காரரும் சீனரும் பேசிய ஆங்கில வாக்கியங்களைப் போட்டுக் காட்டினார்கள். ஆரம்பத்தில் புரிந்துகொள்வதில் தாமதம் இருந்தது. பிறகு குறைந்துகொண்டே வந்தது. எவ்வளவு நேரத்தில் தெரியுமா? ஒரு நிமிஷத்துக்குள்! சில இடங்களில் இரண்டு, மூன்று, நான்கு வாக்கியங்களிலேயே வித்தியாசம் தெரிந்தது.

எட்டு மாதத்தில் இரண்டு நிமிஷத்தில் ஒலிக்கணக்கு போட்ட அந்த மூளை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. புது ஆள், புது உச்சரிப்பு என்றதும் பழைய ரிஜிஸ்டரைத் திருத்த அது உடனே தயாராகிறது. இவர் 'ழ'வை இப்படிச் சொல்கிறாரா, சரி. இவர் வாக்கியத்தை இங்கே இழுக்கிறாரா, சரி. நாம் செய்ய வேண்டியது, அது வேலையை முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது.

2008-ல் ஆன் பிராட்லோ, டெஸ்ஸா பென்ட் இருவரும் இன்னொன்றைக் காட்டினார்கள். சீன உச்சரிப்புள்ள ஒரே ஆளைக் கேட்டுப் பழகினால், அவருடைய பேச்சு புரியத் தொடங்கும். அதே உச்சரிப்புள்ள பல பேரைக் கேட்டுப் பழகினால், முன்பின் கேட்டிராத இன்னொரு சீனரின் ஆங்கிலமும் சுலபமாகப் புரியும். காது மனிதர்களைச் சேர்க்கச் சேர்க்க விரிகிறது.

மனிதர்களை என்று அழுத்திச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. சியாட்டில் நகரில் பட்ரீஷியா கூல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு மாண்டரின் சீன மொழியைப் பழக்கினார்கள். பன்னிரண்டு வகுப்புகள். எதிரே உட்கார்ந்து, பொம்மை காட்டி, புத்தகம் படித்துப் பேசிய சீனர்களிடமிருந்து குழந்தைகள் அந்த மொழிக்கே உரிய ஒலி வித்தியாசத்தைக் கற்றுக்கொண்டன. அதே ஆட்களை, அதே பேச்சை டி.வி. திரையில் பார்த்த குழந்தைகள் கற்றுக்கொள்ளவே இல்லை. 2003-ல் வெளியான முடிவு இது. ஒலியின் கணக்கைப் போடுவதற்குக்கூட, குழந்தைக்கு எதிரே தன்னைப் பார்த்துப் பேசுகிற ஒரு முகம் வேண்டியிருக்கிறது.

ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை பார்க்கும் நண்பர், இன்டர்வியூவில் தான் வைத்திருக்கும் ஒரு வழக்கத்தைச் சொன்னார். முதல் இரண்டு நிமிஷம் மார்க் போடும் பேப்பரைக் கவிழ்த்து வைத்துவிடுவாராம். 'எந்த ஊர் தம்பி? பஸ்ல வந்தீங்களா? ஊர்ல மழையா?' என்று சும்மா பேசவிடுவாராம். "பையனுக்குப் பயம் தெளியறதுக்காகத்தானே?" என்றேன். "அதுவும்தான். ஆனா, முக்கியமா என் காது செட் ஆகறதுக்கு சார்" என்றார். அவர் எந்த ஆராய்ச்சிக் கட்டுரையையும் படித்தவர் இல்லை.

ஆக, ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. முதல் பத்து விநாடி புரியாமல் போவதற்கு யாரும் பொறுப்பில்லை. அது தொட்டிலோடு வந்தது. ஆனால், அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுக்காமல் முகத்தைச் சுளிப்பதும், பாதியில் வெட்டுவதும், 'வேற யாராவது இருந்தா போனைக் குடுங்க' என்பதும் நாம் தெரிந்தே செய்கிற காரியங்கள். அதற்கு நாம்தான் பொறுப்பு. புரியாதது குற்றமில்லை. ஒரு நிமிஷத்தில் புரியும் என்று தெரிந்த பிறகும் அதைக் கொடுக்க மறுப்பதை, வேறு என்ன பெயர் சொல்லி அழைப்பது?

திருக்குறளின் 42-வது அதிகாரத்துக்குத் தலைப்பு 'கேள்வி'. பரீட்சையில் வருகிற கேள்வி இல்லை. காது கொடுத்துக் கேட்பதைப் பற்றிய பத்துக் குறள்கள். நம் மொழியில் காதால் கேட்பதற்கும் வாயால் கேட்பதற்கும் ஒரே சொல்தான். பழந்தமிழில் 'கேள்' என்றால் உறவு என்றும் ஒரு பொருள் உண்டு. மொழி அறிஞர்கள் இவை வேறு வேறு வேர் என்று சொல்லலாம். சொல்லட்டும். எனக்கு இந்த வரிசை பிடித்திருக்கிறது. காது கொடுத்துக் கேள். புரியாவிட்டால் திரும்பக் கேள். எதிரே நிற்பவர் அதற்குள் கொஞ்சம் கேள் ஆகியிருப்பார்.

அடுத்த முறை யாராவது பேசுவது புரியாவிட்டால், "மன்னிக்கணும், இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். அறுபது விநாடி.